புரண்டாலும் உடையாத குடை

பெயிண்டர் மாமா பிரஷ்ஷை எடுத்தால் வாலு மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள். ஒரே இழுப்பில் எழுத்து வந்து நிற்கும். ஸ்கேல் வைத்தாலும் அவ்வளவு நேராக வராது.

“போர்டுல என்னக்கா எழுதட்டும்?” என்றார் மாமா.

அம்மா குடைக்கம்பியை வளைத்தபடியே எதிர்க்கடையைப் பார்த்தாள். அங்கே ஆளுயரப் பலகையில், ‘புயலிலும் புரளாத குடை’ என்று மின்னியது. கூட்டமும் அங்கேதான். அம்மாவின் கடையில் ஓட்டுவதற்கு ஈகூட இல்லை.

இந்த மழைக்காலமும் இப்படியே போனால், கடையை மூடிவிட்டு அம்மா தூரத்து ஊர் ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவாள். வாலு சித்தி வீட்டில் இருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அவங்க புயல்னா நாம சூறாவளினு போட்டுருவோம்” என்றார் மாமா.

“ஆனா நம்ம குடை புரளுமே” என்றாள் வாலு.

அம்மா முறைத்தாள். “ஊருக்கே சொல்லு.”

“நேத்து பஸ் ஸ்டாப்புல மூணு தடவை புரண்டுச்சும்மா. ஆனா உடையல. ஏன் உடையல?”

அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. “கம்பி சேருற இடத்துல ஒரு மயிரிழை தளர்வா விடுவேன். முறுக்கிக்கிட்டு நின்னாத்தான் கம்பி உடையும். வளைஞ்சு குடுத்தா பிழைச்சுக்கும்.”

ஒரு மயிரிழை! இத்தனை வருஷமாக அந்தக் கைகளைப் பார்த்தும் வாலுவுக்கு இது தெரியாது.

“இதையே எழுதலாமே?”

“குடை புரளும்னு நாமளே போர்டு வச்சா யாருடி வாங்குவா?”

“எழுதினா மட்டும் போதாதும்மா. காட்டணும்.”

பசை காய வைக்கும் பெரிய மின்விசிறியை வாலு வாசலுக்கு இழுத்து வந்தாள். மாமா சிரித்துக்கொண்டே எழுதினார்: ‘எங்கள் குடை காற்றில் புரளும். உடையாது. நீங்களே புரட்டிப் பாருங்கள்.’

முதலில் சிரிப்பதற்குத்தான் ஆட்கள் நின்றார்கள். பிறகு தபால்காரம்மா முன்னால் வந்தார்.

“இந்த மாசம் ரெண்டு குடை போச்சு எனக்கு. குடு பார்ப்போம்.”

மின்விசிறி சுழன்றது. குடை கிண்ணம்போல மேலே புரண்டது. உள்ளே இருந்த வளையத்தை வாலு கீழே இழுத்துக் காட்டினாள். டப்! மறுபடி குடை.

தபால்காரம்மா ஏழு முறை புரட்டினார். எட்டாவது முறை புரட்டாமல் கேட்டார், “நீலத்துல இருக்கா?”

அதன் பிறகு வாசலில் வரிசை நின்றது. குழந்தைகள் புரட்டுவதற்காகவே பெரியவர்களை இழுத்து வந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, கொட்டும் மழையில் எதிர்க்கடைக்காரர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“எம் பொண்ணு கேட்டா. ஒண்ணு குடுங்க. காகிதத்துல சுத்திக் குடுங்க, யாருக்கும் தெரிய வேணாம்.”

அம்மா சிரிக்காமல் சுற்றிக் கொடுத்தாள். ஆனால் மழை வலுத்ததால், அவர் வாசலிலேயே காகிதத்தைப் பிரித்துக் குடையை விரித்தார். பாதித் தெருவைக் கடந்தபோது காற்று வந்தது. குடை புரண்டது.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வளையத்தை இழுத்தார். டப்!

குடைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, வாலுவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியது.