பால்கனிக் கதவைச் சாத்தினால்

வீடு பார்க்க ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது தரகரின் வழக்கம். விளக்கெல்லாம் போட்டுவிடுவார், குழாய்களைத் திறந்து துருத்தண்ணீரை ஓடவிடுவார், வாசல் கதவை அகலத் திறந்து வைத்து உள்ளே அடைந்து கிடந்த வாடையை வெளியே விரட்டுவார். அன்றும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பால்கனியின் கண்ணாடிக் கதவில் மட்டும் ஒரு கை பதிந்திருந்தது.

சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்து, வியர்வை காய்ந்தது போல மங்கலாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம்தான் தெரிந்தது, அது வெளிப்பக்கம் இருந்தது.

"சனியன்," என்று முணுமுணுத்தார். நேற்றுத்தான் ஆள் வைத்துக் கழுவியிருந்தார்.

ஏழாவது மாடி, மேலே மொட்டைமாடி. இரண்டு படுக்கையறை, பால்கனி, கீழே கார் நிறுத்த இடம். பக்கத்து வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. இந்த வீட்டை விற்கிற வித்தையைத் தரகர் அந்தக் கண்ணாடிக் கதவில்தான் வைத்திருந்தார். திறந்தால் கீழே ஓடும் நெடுஞ்சாலை காதைப் பிய்க்கும். இழுத்துச் சாத்தி, உள்ளே இருக்கும் கொக்கியைப் போட்டால் அத்தனை சத்தமும் அப்படியே அடங்கிவிடும். "பாத்தீங்களா சார்? குண்டூசி விழுந்தா கேக்கும்!" என்பார். வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அந்த வித்தையைக் கெடுக்கவென்றே ஒருத்தி இருந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. எங்கோ தூர தேசத்தில் இருந்த அண்ணன் வீட்டை விற்கச் சொல்லிவிட, போக வேறு இடமில்லாமல் இங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தவள். யார் வந்தாலும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "பாத்ரூம் சுவர் ஒழுகுதுங்க. நல்லா பாத்துட்டு வாங்குங்க," என்பாள். மூன்று பேர் கை நழுவிப் போனார்கள். தரகருக்கு வயிறு எரிந்தது.

நாலாவது ஆள் வந்த அன்று அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தரகர் பூனை மாதிரி போய்க் கதவை இழுத்துக் கொக்கியைப் போட்டார். திரையையும் இழுத்துவிட்டார். அரை மணி நேரத்துக்குத்தானே என்று நினைத்தார். வந்தவர் திரையருகே காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, ஒண்ணுமே கேக்கலையே!" என்றார். தரகர் அப்போது கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். மறுபக்கத்தில் அவள் அடித்த அடி ஒவ்வொன்றும் அவர் முதுகில் தெரிந்தது.

வியாபாரம் படிந்த குஷியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். பச்சைப் பொய். அன்று சாயங்காலமே நினைவு வந்தது. இப்போது திறந்தால் ஊரைக் கூட்டிவிடுவாள் என்று பயந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார். மறுநாளும் அதே பயம், அதே சமாதானம். மூன்றாம் நாள் போனபோது கோடை வெயில் தன் வேலையை முடித்திருந்தது. கொக்கியை மட்டும் எடுத்துவிட்டு ஓசைப்படாமல் இறங்கினார். துணி உலர்த்தப் போனவள் மயங்கி விழுந்து செத்துப்போனாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் உச்சுக்கொட்டினார். வாங்க இருந்தவர் செய்தியைக் கேட்டு நழுவிவிட்டார்.

அது போன கோடை. இன்று நாலரை மணிக்குப் புதிதாக ஒரு கணவன் மனைவி வருகிறார்கள்.

கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கதவை நகர்த்தி, அது மூடிக்கொள்ளாமலிருக்க ஒற்றைச் செருப்பைக் கழற்றி இடையில் செருகினார். அந்த விஷயத்தில் அவர் இப்போதெல்லாம் ரொம்ப உஷார். வெளியே வெயில் நெற்றியில் அறைந்தது. டீசல் புகை, லாரிகளின் இரைச்சல், வெறும் கொடியில் ஆடிக்கொண்டிருந்த ஒரே ஒரு துணிக் கிளிப். கிளிப்புகளையெல்லாம் போன கோடையிலேயே கழற்றி எறிந்தோமே என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார்.

ஒரே துடைப்பில் கறை போய்விட்டது. இவ்வளவுதானா என்று சிரிப்புகூட வந்தது. கதவில் கை வைத்தார்.

நகரவில்லை.

செருப்பு உள்ளே இருந்தது. கூடத்தின் நடுவில், யாரோ எடுத்து வைத்ததைப் போல. கொக்கி விழுந்திருந்தது. கண்ணாடியில் மறுபடியும் அந்தக் கை.

இப்போது உள்பக்கம்.

அடித்தார். கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை, லாரிகள் விழுங்கின. மேசையில் கைபேசி வெளிச்சம் காட்டி அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது. பிறகு திறந்திருந்த வாசலில் கணவனும் மனைவியும் தயங்கி நின்றார்கள்.

சமையலறையிலிருந்து அவள் வந்தாள். நைட்டியின் கழுத்தில் வரிசையாகத் துணிக் கிளிப்புகள். வந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன முகம் தெரிந்ததோ. தரகருக்குத் தெரிந்தது வெயிலில் வெந்து உரிந்த முகம்.

குளியலறையைக் காட்டினாள். ஒழுகும் சுவரைப் பற்றி இன்று வாயைத் திறந்ததாகத் தெரியவில்லை. நேரே கதவுக்கு வந்து திரையை இழுத்தாள், ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு. கதவில் முதுகைச் சாய்த்தாள்.

அவர் அடித்தார். இரண்டு கையாலும். அந்த முதுகின் மேலேயே.

கணவன் திரையருகே காதைக் கொண்டுவந்தார். கேட்டார். கண்கள் விரிந்தன. அந்த உதடுகள் என்ன சொல்லின என்பது தரகருக்குத் தெரியும்.

கார் நிறுத்தும் இடத்தைப் பார்க்க மூவரும் கிளம்பினார்கள். வாசல் கதவு மூடியது. வெறும் பாதம் தரையில் கொதித்தது.

அவள் மட்டும் திரும்பி வந்தாள். திரையை முழுக்க விலக்கினாள். சாப்பாட்டு மேசையருகிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக் கண்ணாடிக்கு நேரே போட்டாள். மடியில் அவருடைய கைபேசி, மின்னி மின்னி அணைந்தது. அவள் எடுக்கவில்லை. அவரையே பார்த்தபடி, மூன்று நாள் இருக்கப்போகிறவள் போல, சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.