எல்லோருக்கும் இருபது

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக ஒரு நோயாளியின் மூச்சை நிஜமாகவே எண்ணினாள். இருபது வந்தது.

வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான். சார்ட்டிலும் இருபது என்றுதான் இருந்தது. காலையில் அவளே எழுதியது; எண்ணாமல், படுக்கைப் பக்கமே போகாமல், மேஜையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே எழுதியது. கை போன போக்கில் எழுதியது அச்சாக அப்படியே வந்து நிற்கிறதே என்று அவள் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் படிப்பது நர்சிங், கடைசி வருடம். தெருவில் மட்டும் சின்ன டாக்டர். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது வேறு யாருமில்லை, துணி தைக்கிற அவளுடைய அம்மாவேதான். அளவெடுக்கும்போதே, மகள் அடுத்த மாதம் பாஸ், பெரிய ஆஸ்பத்திரியில் இடம் தயார் என்று சொல்லிச் சொல்லி, பேச்சு மும்முரத்தில் இடுப்பளவைக் கண்டபடி குறித்துவைத்த கதைகளும் உண்டு. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தனியாக நின்று பெண்ணைப் படிக்கவைத்தவள், இரண்டு அங்குலம் கூடக்குறைய இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மூச்சு எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், போட்டோவுக்கு முகத்தைத் திருத்திக்கொள்வதுபோல மூச்சையும் திருத்திக்கொள்வார்கள். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நைசாக நெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். முழுதாக ஒரு நிமிடம். பன்னிரண்டு படுக்கைக்குப் பன்னிரண்டு நிமிடம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, நாடிக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது; மூச்சுக்குத்தான் இந்த வார்டில் ஒன்றும் கிடையாது, கண்தான். கண்ணுக்கோ ஆயிரம் வேலை. ஆகவே எல்லோருக்கும் இருபது. முதல் வருடத்திலிருந்து அவள் கை அதைத் தவிர வேறு எண்ணை அந்தக் கட்டத்தில் எழுதியதே இல்லை.

ஆனால் இன்று நான்கு மணிக்கு ட்யூட்டர் மேடம் வருகிறார். தன் வாட்ச்சை வைத்துப் படுக்கை படுக்கையாக எண்ணி, சார்ட்டோடு ஒத்துப்பார்த்து, சரியாக இருந்தால்தான் கடைசிக் கையெழுத்து. முந்தின நாள் பக்கத்து வார்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இன்னொரு வருடம் முதலிலிருந்து. அம்மா தெருவில் தலை நிமிர்ந்து நடப்பது இனி அந்த ஒரு கையெழுத்தில்தான் இருந்தது. அதனால்தான் மதிய ஓய்வு நேரத்தில், பார்வையாளர்கள் வெளியேறி, வார்டு சிஸ்டர் மீட்டிங்குக்குப் போய், ஜன்னல் திரைகள் இழுக்கப்பட்ட அந்த மங்கல் வெளிச்சத்தில், காலையில் எழுதியதையெல்லாம் திருத்திவிடலாம் என்று அவள் எழுந்தாள்.

"என்னடி, அவங்க கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறே? கல்யாணமா?" என்றாள் கூடப் படிப்பவள். வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"மூச்சு எண்ணறேன்."

"நீயா! யாராவது வந்து பாருங்களேன்."

"மேடம் எண்ணும்போது வேற நம்பர் வந்தா?"

"இப்பத்தான் ஏறிச்சு மேடம்னு சொல்லு. மூச்சுன்னா ஏறும், இறங்கும். லிஃப்ட் மாதிரி. நான் டீ குடிச்சிட்டு வரேன்." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

இரண்டாம் படுக்கை. இருபது.

மூன்றாம் படுக்கை ஹெச்.எம். அம்மா, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை ஆட்டிவைத்துவிட்டு இப்போது நுரையீரலோடு மல்லுக்கட்டுகிறவர். காலையில் அவர் இழுத்த இழுப்பு வாசல்வரை கேட்டது. முப்பதுக்குக் குறைய வாய்ப்பே இல்லை. இப்போது மாஸ்க்குக்குப் பின்னால் கண்மூடிப் படுத்திருந்தார். நெஞ்சு அளவெடுத்ததுபோல் ஏறி இறங்கியது. இருபது.

நான்கும் இருபது. ஐந்தும்.

ஐந்தாவதை எழுதும்போது அவளுக்கு ஏதோ குறைகிறது என்று பட்டது. மின்விசிறி தன் பழைய முனகலோடு சுற்றிக்கொண்டிருந்தது, கழுவுமிடத்துக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, ஆக்சிஜன் குழாயின் தண்ணீர்க் குப்பி குமிழ்விட்டுக்கொண்டிருந்தது, பினாயிலும் வெந்நீரில் அலசிய ரப்பரும் கலந்த வாடை எப்போதும்போல் மூக்கின் அடியில் உட்கார்ந்திருந்தது. எல்லாம் இருந்தது, ஆனால் லிஃப்ட்வரை கேட்கும் ஒன்பதாம் படுக்கைக்காரியின் குறட்டை இல்லை, பதினொன்றின் இருமல் இல்லை, யாரும் புரளும் சத்தமில்லை, பன்னிரண்டு பேர் படுத்திருக்கும் அறையில் பன்னிரண்டு பேர் இருக்கும் சத்தமே இல்லை.

அவள் திரும்பி மூன்றாம் படுக்கையைப் பார்த்தாள்.

நெஞ்சு அசையவில்லை.

மாஸ்க்கில் ஆவி படியவில்லை. உதட்டோரம் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். பழக்க தோஷத்தில் வாட்ச்சைப் பார்த்தாள். பதறலில் வாய்விட்டு, "ஒண்ணு" என்றாள்.

நெஞ்சு ஏறியது.

"ரெண்டு."

ஏறியது. மூன்று, நான்கு. நீலம் வடிந்தது. ஹெச்.எம். அம்மா கண் திறந்து, பரீட்சைத் தாளைப் பார்க்கிற கண்ணால் அவளைப் பார்த்தார்.

"கணக்கு சரியா வருதா, கண்ணு?"

அவள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். எண்ணிக்கை நின்றது. நெஞ்சும். அந்த நெஞ்சு மட்டுமில்லை, மற்றப் படுக்கைகளிலும். ஒன்று. இரண்டு. நான்கு. ஒன்பது. போர்வைகள் பலகை போல் கிடந்தன. பிறகு தலைகள் மெல்ல, தலையணை உரசும் சத்தத்தோடு, அவள் பக்கம் திரும்பின. கோபமில்லை. கெஞ்சலில்லை. நல்ல நோயாளிகளின் முகம். காத்திருந்தார்கள்.

"அஞ்சு," என்றாள்.

பன்னிரண்டு போர்வைகளும் ஒன்றாக எழுந்தன.

இருபதுவரை எண்ணினாள். மறுபடி ஒன்றிலிருந்து. மூன்று விநாடிக்கு ஒன்று. எண்ணிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள். குரல் எட்டாத கடைசிப் படுக்கை நீலம் பாய்வதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். எண்ணிக்கொண்டே மேஜைக்குப் போய் வார்டு போனை எடுத்தாள்.

"ஆபரேட்டர், சொல்லுங்க."

சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் எண்ணுவதை விட வேண்டும். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் ஒரு சொல்லைச் செருகப் பார்த்தாள். நாக்கு எதையோ உளறி எண்ணைத் தவறவிட்டது. பின்னால் தலையணைகள் உரசின.

"ஒன்பது," என்றாள் போனில். "பத்து."

"ஹலோ? எந்த வார்டு?"

"பதினொண்ணு."

"பதினொண்ணாம் வார்டே இங்க கிடையாதேம்மா. யாரு வெளையாடறது?" போனை வைத்துவிட்டார்கள்.

மூன்றேகால். மூன்றரை. தொண்டை சொறசொறத்தது. எச்சில் ஊறவில்லை. ஜாடித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். விழுங்க நேரமில்லை.

படியில் செருப்புச் சத்தம். கூடவே குதிகால் செருப்பின் டக்டக். ரேடியோ உள்ளே வந்தாள், பின்னால் ட்யூட்டர் மேடம்.

"பாருங்க மேடம், ஒரு மணி நேரமா இவ இப்படித்தான்! டீ கூட வேணாம்னுட்டா." எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்ததால் வார்டு பார்க்க அழகாக இருந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரேடியோவைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள், கையால் படுக்கைகளைக் காட்டினாள். "பதினாலு. பதினஞ்சு."

"தெரியுதுடி, பன்னெண்டு பேரு. மேடம் நாலு மணிக்கு முன்னாடியே வந்துட்டாங்கன்னு நடுங்காதே."

மேடம் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்து, வாட்ச்சைப் பார்த்து, சார்ட்டைப் பார்த்து, தலையாட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது முடிந்ததும் முகம் மலர்ந்தது. "பன்னெண்டும் கரெக்ட். ஒண்ணுகூடத் தப்பில்லை. நேத்து ரெண்டு பேர் பண்ணின கூத்துக்கு இதைக் கண்ணுல ஒத்திக்கலாம்." மேஜைக்கு வந்து அவளுடைய நோட்டைத் திறந்தார். "மொத வருஷம் லேபில என்னையும் இவளையும் படுக்க வெச்சு எண்ணினியே, ஞாபகம் இருக்கா? அப்பவும் எங்களுக்கு இருபதுன்னுதான் எழுதினே. நான்கூட அன்னிக்குச் சந்தேகப்பட்டேன்."

அவள் இருவருடைய நெஞ்சையும் பார்த்தாள்; அன்றைக்கும் எண்ணாமல் எழுதிய இருபதுதான். வாய் மட்டும் ஓடியது. மூன்று. நான்கு.

"போதும்மா. நிறுத்து."

ஐந்து. தலையை ஆட்டினாள். ஆறு. கண்ணீர் வந்தது.

"அட, பாஸாயிட்டேம்மா! அழறதுக்கு என்ன இருக்கு? வீட்டுக்குப் போன் போட்டு அம்மாகிட்டச் சொல்லு." மேடம் பேனாவைத் திறந்து கையெழுத்தை ஆரம்பித்தார்.

"ஏழு," என்றாள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. அதன் பின்னால் இருமல். வறண்ட, நீளமான, நிற்காத இருமல். மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கண் இருண்டது. மின்விசிறி முனகியது. குப்பி குமிழ்விட்டது.

இருமல் அடங்கி நிமிர்ந்தாள்.

ரேடியோ பேச்சின் நடுவில் நின்றிருந்தாள். வாய் திறந்தபடி. சத்தமில்லை. மேடத்தின் பேனா பெயரின் பாதியில் நின்றிருந்தது. மை ஒரே இடத்தில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

எண்ண வேண்டும்.

எதில் விட்டோம்? ஏழா? எட்டா? வாயைத் திறந்து, "எட்டு" என்றாள். காற்று. வெறும் காற்று. யாரும் அசையவில்லை.

போர்வைகளுக்கு அடியிலிருந்து, ஒவ்வொன்றாக, கைகள் வெளியே வந்தன. பன்னிரண்டு கைகள். மணிக்கட்டை மேல்நோக்கித் திருப்பி, கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டி. ரேடியோ தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நீட்டினாள். மேடம் பேனாவை வைத்துவிட்டு, வாட்ச்சைக் கழற்றி அவள் முன் வைத்து, நீலம் பாய்ந்த உதட்டோடு, பொறுமையாகத் தன் கையையும் நீட்டினார்.