கைநாட்டுக் குன்று

நொர்வேயில், வெஸ்ட்லி ஊர்ச்சங்கத்தின் நிரந்தரத் தலைவர் பத்மநாதன், பழம்பொருள் சந்தையில் வாங்கிய வரைபடம் ஒன்றைச் சட்டத்தோடு சுமந்துகொண்டு மெட்ரோவிலிருந்து இறங்கினார். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கப் புல்வெளி. ஒருகாலத்தில் காட்டெருமையும் ஓநாயும் உலவிய நிலம். மேடு பள்ளங்களைக் காட்டும் மெல்லிய பழுப்புக் கோடுகள். நடுவில் மட்டும் கோடே இல்லாத வெள்ளைத் திட்டு.

"இதுக்குப் பேரே இல்லையப்பா," என்றார் மனைவியிடம்.

"உங்கடை பேர் போடாத இடமும் உலகத்திலை இருக்கோ?" என்றாள் சிறிதேவி.

சங்க மண்டபத்தின் நாற்காலி முதல் தேநீர்க் கேத்தில் வரை அவர் உபயம்தான், பெயரும் பொறித்திருந்தது. எதிர்த்துக் கதைப்பவர்களுக்கு ஒரே பதில்: "நான் ஆரெண்டு தெரியுமோ? கைநாட்டுக் கூட்டம்!"

வரைபடச் சட்டத்தின் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியிருந்தபோது, வடை தின்ற பெருவிரலை அந்தத் திட்டில் அழுத்தினார்.

"கைநாட்டு வைச்சிட்டன். இனி என்ரை காணி."

காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எதுவோ மெல்லச் சப்பியது.

மறுநாள் அறையெங்கும் காய்ந்த புல்லின் வாசம். திட்டில் ஒரு குன்று முளைத்திருந்தது, வளையம் வளையமாக.

அவர் பெருவிரலைப் பார்த்தார்.

ரேகை இல்லை.

கொழும்பு ஆஸ்பத்திரியில் அக்கா அவரைப் பார்க்கவென்றே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே போகவென்று கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் பத்மநாதன் ஓடினார். இயந்திரம் ஒவ்வொரு விரலாக மறுத்தது; இப்போது எதிலும் ரேகை இல்லை. அவர் பெயரிலும் பதிவேட்டில் யாரும் இல்லையாம்.

"நான் யாரென்று தெரியுமா?" நொர்வேஜிய மொழியில் அதட்டினார்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்," என்றாள் அலுவலகப் பெண், பணிவாக.

வெளியே வந்து அக்காவுக்கு அழைத்தார்.

"அக்கா, தம்பி கதைக்கிறன்."

நீண்ட மூச்சு. "எனக்குத் தம்பி இல்லையே, ராசா."

அந்தக் குரலுக்குப் பின்னால் புல் அசையும் சத்தம்.

வீட்டுக் கதவைச் சிறிதேவி சங்கிலி போட்டபடியே திறந்தாள்.

"ஆரைத் தேடுறியள்?"

"தேவி... நான் ஆரெண்டு தெரியுமோ?"

வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் வேண்டிக் கேட்டார்.

"மன்னிக்கோணும்," என்று கதவைச் சாத்தினாள்.

சுவரில் அந்த வரைபடம். யார் மாட்டியது? அவளுக்கு நினைவில்லை. குன்றின்மேல் பழைய அச்செழுத்தில் ஒரு பெயர். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"பத்...ம...நாதன். வடிவான பேர்."

தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவில் அல்ல.

வரைபடத்தின் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.