நாற்பத்து மூன்றாவது உரிமம்

செவ்வாயில் இறங்குகிறவர்கள் முதலில் மூச்சை நிறுவிக்கொள்ள வேண்டும். நெஞ்சில் பதித்த மூச்சுப்பெட்டியைக் கம்பியில் மாட்டி, "பொதியா, மூச்சு நிறுவு" என்றால் போதும். பொதியன் என்பது கிடங்கிலிருந்து மென்பொருள் பொதிகளை எடுத்துவந்து அடுக்கித் தரும் நிரல். ஒரு பொதி வேலை செய்ய இன்னொன்று வேண்டும், அதற்கு வேறொன்று. மூச்சுக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் திறந்த மூலம். அதாவது யாரோ ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று விட்டவை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் ஒருவரும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு பொதிக்கும் ஓர் உரிமம். அதைப் படித்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். முன்னால் நின்றவர்கள் சம்மதம் சம்மதம் என்று பொரிந்து தள்ளிவிட்டு, இரண்டே நிமிடத்தில் வெளியே போனார்கள்.

அற்புதமேரிக்கு அது ஆகாது. தூத்துக்குடியில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். படிக்காமல் கையெழுத்துப் போட்டு வீட்டையும் தோப்பையும் விட்டவர்கள் எத்தனை பேர் அவர் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்! கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மகள் சகாயராணி எட்டு மாத வயிற்றோடு நின்றாள். இந்தக் குடியிருப்பில் பிறக்கப்போகும் முதல் குழந்தை. பிரசவத்துக்குக் கூட இருக்கத்தான் அம்மா இத்தனை தூரம் வந்தது. நண்பகலில் கதவு மூடிவிடும். உள்ளே மிஞ்சியவர்களை அதே கப்பல் திருப்பிக் கொண்டுபோகும். அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்துத்தான்.

"யக்கா, சம்மதம்னு சொல்லிக்கிட்டே போங்க," என்றார் இறங்குதள ஊழியர் இசக்கிமுத்து. "ஆறு வருசமா பாக்கேன். ஒருத்தரும் படிச்சதில்ல."

"மூச்சு விடப்போறது நான்லா தம்பி," என்று சொல்லிவிட்டு அவர் மேலே படித்தார்.

நண்பகலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்து மூன்றாவது வந்தது. வால்வுப் பொதி. எழுதியவர் கடைசியில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: "லீவு நாளில் விளையாட்டாக எழுதியது. கர்ப்பிணிகளுக்குச் சரிவருமா என்று சோதிக்கவில்லை. இதைப் படிப்பவர் யாராவது சோதித்துச் சொல்லவும்."

அற்புதமேரி கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார். "தம்பி, எம் பொண்ணுக்கும் இதே பொதிதானா?"

"எல்லாருக்கும் இதேதான்க்கா. ஏன்?"

"இதுல இப்படி எழுதியிருக்கே."

இசக்கிமுத்து திரையைப் பார்க்கவில்லை. "யாராச்சும் பாத்திருப்பாங்கக்கா," என்றார்.

அதற்குள் திரை சிவந்தது. "உரிமங்கள் வரிவரியாகப் படிக்கப்படுகின்றன. இதுவரை இயந்திரங்கள் மட்டுமே அப்படிச் செய்திருக்கின்றன. இயந்திரத்துக்கு மூச்சு தேவையில்லை. நிறுவிய பொதிகளை நீக்கி, தங்களைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பச் சம்மதமா?"

அற்புதமேரியின் கண் திரையில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகாயராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போனால் போதும் என்றிருந்தது அம்மாவுக்கு.

"சம்மதம்," என்றார்.

பொதியன் ஒரு கணம் யோசித்தது. "பதில் அரை நொடியில் வந்தது. கேள்வி படிக்கப்படவில்லை. மனிதர் என்பது உறுதியானது. சிரமத்துக்கு வருந்துகிறோம். தொடரலாமா?"

மீதி இருந்த நூற்றெழுபதுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் சொன்னார். கதவு திறந்தது. உள்ளே போன முதல் மூச்சில் இரும்பு வாடை அடித்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

"கால் கடுத்துப் போச்சும்மா, அதான் உக்காந்துட்டேன்," என்று சகாயராணி கையை நீட்டினாள். "எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க. உனக்கு மட்டும் ஏன் இவ்ளோ நேரம்? அம்புட்டையும் உக்காந்து படிச்சியாக்கும்? அதுல என்னதான் போட்டிருக்கு?"

அற்புதமேரி மகளின் வயிற்றில் கை வைத்தார். உள்ளே பிள்ளை உதைத்தது.

"அதையெல்லாம் யாருடி படிப்பா," என்றார்.