உப்பு ஜாடியும் ஒரு கிண்ணம் சூப்பும்

ஏரிக்கு மேற்புறம் தனியாக வசித்துவந்த தண்டாயுதபாணியை நாடி, ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் குருநாதன் வந்தார். உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர் தண்டாயுதபாணி. அவரைத் தேடி எவரேனும் வருவது அரிது. ஆதலால் நாற்காலியில் குவிந்திருந்த செய்தித்தாள்களை அகற்றி விருந்தாளியை அமர்த்தவே சற்று நேரம் பிடித்தது.

வந்தவர் தம் இடரை விவரித்தார். மனைவி மறைந்து ஈராண்டுகள் ஆகின்றன. இதயம் பலவீனமானதால் உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் பணித்திருந்தார். குறைத்தும் கால்கள் வீங்கின. எங்கிருந்தோ உணவில் சோடியம் சேர்கிறது என்றார் மருத்துவர். பெங்களூரில் வாழும் மகள் தேவசேனா, சமையல் செய்யும் கந்தம்மாளையே ஐயுற்று, நாளை முதல் அவள் வரலாகாது என்று முடிவு செய்துவிட்டாள்.

"அது மேல தப்பே இல்லங்க சார். எப்படியாச்சும் நிரூபிச்சுக் குடுங்க. அது வரலேன்னா எங்க வீட்டுல டிவி மட்டுந்தான் பேசும்."

தண்டாயுதபாணி அதனை நன்கு உணர்ந்தார். அவருடைய இல்லத்தில் தொலைக்காட்சியும் பேசுவதில்லை.

கடைவீதியில் மருந்துக்கடை நடத்தும் மஹ்ஜபின், இத்தகைய ஆராய்ச்சிகளில் பேரார்வம் உடையவர். தொழுகை நேரத்திற்காகக் கடையை அடைத்திருந்த அவரும் குருநாதனின் வீட்டுக்கு உடன் வந்தார்.

கந்தம்மாள் அடுப்படியை விட்டு அசையவில்லை. "ஜாடி அந்தா கெடக்கு. நல்லாப் பாத்துக்கோங்க. போலீசக் கூட்டியாந்தாலும் நான் இதத்தான் சொல்லுவேன்."

பல நாள் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி, ஜாடியிலிருந்த உப்பு பாறைபோல் இறுகியிருந்தது. அதன் மேற்பரப்பில் கரண்டி பட்ட தடமே இல்லை. வேறு உப்பை அவள் பையில் ஒளித்திருக்கலாம் என்று மஹ்ஜபின் காதோடு கூறினார். தண்டாயுதபாணி கொதிக்கும் சூப்பில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். காய் வெந்த நீர் என்பதற்குமேல் அதில் ஏதுமில்லை.

கந்தம்மாள் ஒரு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். குருநாதன் பாதி அருந்தும் வரை அடுப்படியிலேயே காத்திருந்த தண்டாயுதபாணி, அக்கிண்ணத்திலிருந்தும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். உப்பு கரிக்கவில்லை. ஆனால் விழுங்கிய பின்னரும் சுவை நாவின் ஓரங்களை விட்டு அகலவில்லை. வாயில் நீர் ஊறிற்று.

"ஒரே சட்டி, ரெண்டு ருசி," என்றார் அவர். "அடுப்படியில இல்லாதது மேசையில வந்திருக்கு. மேசையில இருந்தது நீங்க ஒருத்தர்தான், குருநாதன்."

குருநாதன் திகைத்தவராய், ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதன் முகப்பில் 'உப்பு சேர்க்கப்படவில்லை' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

"இது சுவைப்பொடி சார். பின்னாடி இருக்கறத பூதக்கண்ணாடி வச்சு நாலு தடவ படிச்சுட்டேன். உப்புங்கற வார்த்தையே இல்ல."

"வார்த்தை இல்லதான். 621னு ஒரு எண் இருக்கே, அது மோனோசோடியம் குளூட்டமேட். 627, 631, அதுகளும் சோடியம் கலந்த சுவையூட்டிகள். ஈஸ்ட் சாறு, பகுத்த காய்கறிப் புரதம்னு போட்டிருக்கறதும் அதே ருசிக்குத்தான். அந்தப் புரதத்துக்குள்ளயே உப்பு இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம் போடுறீங்க?"

நான்கு என்பதைக் குருநாதன் விரல்களால் காட்டினார்.

"மறைச்சு எதுக்குங்க போடணும்?" என்று மஹ்ஜபின் வினவினார்.

குருநாதன் கதவருகே நின்ற கந்தம்மாளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "உப்பில்லாம எறங்கலம்மா. நல்லா இல்லேன்னு சொல்லி, அது கோவிச்சுக்கிட்டு நின்னுருச்சுன்னா?"

பிறகு குருநாதன் தாமாகவே மகளை அழைத்து, குற்றம் தம்முடையது என்று ஒன்றும் மறைக்காமல் உரைத்தார். மறுமுனையில் தேவசேனா அழுதாள். கந்தம்மாளிடம் தொலைபேசியைக் கொடுக்குமாறு வேண்டினாள்.

கந்தம்மாள் அதனை வாங்கிக்கொள்ளாமல் பொட்டலத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அந்தப் பேச்செல்லாம் பொறவு பேசிக்கிடலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வெரசா சொல்லுங்கய்யா. நாளைக்கு என்ன ஆக்கட்டும்?"

குருநாதன் இம்முறை அவளை நேராகப் பார்த்தார்.

"சூப்பு வேண்டாம் கந்தம்மா," என்றார். "அது நல்லாவே இல்ல."