ஜோடி பார்க்காமல்

ஸ்பா வாசலில் கொடுத்த ரப்பர் செருப்பு இரண்டுமே இடது காலுக்கானவை. இருபத்திரண்டு வருடமாகச் செருப்புக் கடையில் அடுத்தவர் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவளுக்கு அதைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. வலது கட்டைவிரல் வாரில் இடித்ததுமே தெரிந்துவிட்டது. அவள் கடையில் இப்படி ஜோடி மாறிப்போனவற்றைத் தள்ளுபடிக் கூடையில் போடுவார்கள். ஆளைப் பார்த்ததும் கால் அளவைச் சொல்லிவிடுவதால் கடைப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் சைஸக்கா. சைஸக்கா சிரித்துக்கொண்டே அந்த ரப்பர் செருப்பைக் கழற்றித் தன் தோல் செருப்பின் பக்கத்தில் ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனாள்.

"அவ்வளவு மலிவுன்னா அதுல ஏதோ இருக்குக்கா," என்று காலையில்தான் தங்கை சொல்லியிருந்தாள். கடல், படகு, கண்ணாடிக்கு அடியில் மீன் என்று இந்தப் பயணம் முழுக்கத் தங்கையின் ஏற்பாடு.

"மலிவுன்னா மட்டமா? நான் தினமும் மலிவு விக்கிறவடி. நீ போய் மீனைப் பாரு."

வீட்டுக்காரர் வேறு, உனக்கெல்லாம் எதுக்கு ஸ்பா என்று கேட்டிருந்தார். எதுக்கா? எத்தனை ஆயிரம் கால்களை அவள் தொட்டிருப்பாள், ஒருத்தராவது அவள் காலைத் தொட்டதுண்டா? நின்று நின்று வெடித்த குதிகால். பெட்டி அடுக்கு சரிந்து விழுந்ததில் கறுத்துப்போய், பிறகு வெளுக்கவே வெளுக்காத வலது கட்டைவிரல் நகம். இந்தக் கால்கள் நின்றால்தான் அவளுக்கு வேலை. இன்றைக்கு ஒரு நாளாவது யாராவது அவற்றின் அருகே உட்கார்ந்தே தீரவேண்டும். வானமே இடிந்து விழுந்தாலும் பாதியில் எழுந்து போவதில்லை என்ற வீம்போடு வந்திருந்தாள்.

மதிய மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் சத்தமும், கரகரத்துச் சுற்றும் மின்விசிறியும், வெந்நீரில் நசுக்கிப் போட்ட எலுமிச்சைப் புல்லின் வாசனையும், அதற்கு அடியில், யாரோ நாள் முழுக்கப் போட்டு நடந்த செருப்பை மூடிவைத்துத் திறந்தால் வருமே, அந்தப் புழுங்கிய வாடையும் அந்தச் சின்ன அறையில் ஒன்றாகக் கலந்து நின்றன. மசாஜ் செய்யும் பெண் தரையைக் கூட்டும் நீளப் பாவாடையில் வந்தாள். வட்ட முகம், மெல்லிய குரல்.

"உங்க சைஸ் ஆறுதானே?"

சைஸக்காவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. "எப்படிச் சொன்னீங்க?"

"பார்த்தாலே தெரியும். வலது ரொம்ப நல்லா இருக்கு."

மேசையில் குப்புறப் படுத்து, முகத்துக்கென்று வெட்டியிருந்த துளையில் முகத்தைப் பதித்தாள். கீழே சிமெண்ட் தரை. வெந்நீர்த் தொட்டியிலிருந்து மேசை வரை ஈரக் காலடிகள். இடது. அடுத்ததும் இடது. அடுத்ததும். பாவம், ஒற்றைக் காலில் தத்தி வந்தாளோ என்று நினைத்தாள். அந்தப் பெண் தோளை அழுத்த எக்கியபோது பாவாடை விளிம்பு உயர்ந்தது.

இரண்டு கால்கள் இருந்தன. இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம். ஒன்று ஐந்தாம் அளவு, மெலிந்த கால். மற்றது எட்டு. முடி அடர்ந்த ஆம்பளைக் கால்.

எழுந்திரு என்றது உடம்பு. சைஸக்கா எழுந்திருக்கவில்லை. பிறவிக் குறையாக இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து ஓடுவது மனுஷத்தனமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதைவிட, தங்கை முன்னால் போய் நின்று நீ சொன்னதுதான் சரி என்று சொல்வதற்கு இங்கேயே செத்துப்போகலாம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

கைகள் வலது பாதத்துக்கு வந்தன. உள்வளைவில் கட்டைவிரல் அழுந்தியதும் இருபத்திரண்டு வருட வலி கரைந்து வழிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வலி போனது. பிறகு சூடு போனது. பிறகு கணுக்காலுக்குக் கீழே எதுவுமே இல்லை.

ஒரு சத்தம். இறுகிப்போன பூட்ஸைக் கழற்றும் சத்தம்.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

"போதும். விடு."

"அசையாதீங்க. அளவு பார்க்கிறேன்."

"நான் பாக்காத அளவா? விடுடி காலை."

இடது காலால் உதைத்தாள். எதிலோ பட்டது. உருண்டு இறங்கினாள். துண்டை இறுக்கிக் கட்டினாள். துணியை வாரிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. நடந்தாள். வலது கால் மரத்துப்போய்த் தொப்புத் தொப்பென்று விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. வாசல். வெயில். ஈரத் தெரு. என்கிட்டயா, என்று நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு கர்வம்.

தன் தோல் செருப்பில் இடது காலை நுழைத்தாள். போயிற்று.

வலது போகவில்லை. வாரில் இடித்து நின்றது.

இந்த முறை குனிந்து பார்த்தாள்.

எட்டாம் அளவு. முடி. கட்டைவிரல் தப்பான பக்கம்.

கத்தவில்லை. கத்தினால் தங்கைதான் வருவாள். நாளைக்கு மறுநாள் கடை. இந்தக் கால்களை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் நிற்பது? வலது செருப்பைக் கையில் எடுத்தாள். திரும்பி உள்ளே நடந்தாள். அந்த ஈரத் தரையில் இப்போது அவளுடைய தடங்கள். இடது. இடது. இடது.

அறைக்குத் திரை போட்டிருந்தது. திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் அவளைப் பார்த்தபடி நின்றன. ஒன்று ஐந்து, இடது. ஒன்று ஆறு, வலது. குதிகால் ஓரத்தில் வெடிப்பு.

"எடுத்ததைத் திருப்பிக் குடு," என்றாள்.

திரை அசையவில்லை. அவள் தன் வலது கட்டைவிரலை மடக்கினாள்.

திரைக்கு அடியில், கறுத்த நகத்தோடு அந்தக் கட்டைவிரல் மெல்ல மடங்கியது.