செவலை நிமிர்ந்து பார்த்த இடம்

விளக்கு வைக்கிற நேரத்தில் செவலை வாசற்படியை விட்டு எழுந்து, ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தது. முத்துமீனா அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நாய் இடம் மாறி உட்காருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அது காதைப் பின்னுக்கு மடக்கி, வாலால் தரையைத் தட்டி, தலையை வாசலிலிருந்து கூடத்துப் பக்கமாக மெல்லத் திருப்பியது. ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து போக எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு திருப்பியது. பிறகு கூடத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. முத்துமீனா களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே நின்றாள்.

அவள் கணவன் பேச்சிமுத்து செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்தவன் அவன். பெண்டாட்டிக்குப் பூ வாங்க மறந்தாலும் நாய்க்கு முட்டை வாங்க மறக்க மாட்டான் என்று தெருவே கேலி செய்யும். முத்துமீனாவும் சேர்ந்துதான் செய்வாள். செவலை சிப்பிப்பாறை ஜாதி வேட்டை நாய். ஒட்டிய வயிறு, நீண்ட முகம், ஓடினால் கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும். பேரையூர்ப் பக்கத்தில் நாட்டு நாய் வளர்ப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வேட்டையாடத் தடை என்பதால், வருடத்துக்கு ஒருமுறை வற்றிய கண்மாயில் ரப்பர் முயலைக் கயிற்றில் கட்டி மோட்டாரால் இழுத்து நாய்களை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். ஓடிப் பிடிப்பது பாதிதான். வளர்த்தவர் தொடையில் தட்டிய உடனே, கிடைத்ததைக் கவ்விக்கொண்டு நாய் அவர் காலடிக்குத் திரும்பி வர வேண்டும். அதற்குக் ‘கைக்கு வருவது’ என்று பெயர். அதற்குத்தான் மார்க்கு அதிகம். அந்தச் சோதனையில் செவலையை நிறுத்தப் பேச்சிமுத்து பேர் கொடுத்திருந்தான்.

பழக்குவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் அதே கண்மாய்க்குப் போனான். நாயை லோடு ஆட்டோவிலேயே கட்டிப்போட்டு, இருக்கச் சொல்லிவிட்டு, மோப்பத் தடம் போடுவதற்காக ஆட்டுத்தோலை இழுத்துக்கொண்டு கரையைத் தாண்டி நடந்திருக்கிறான். கரைக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் காடு. காட்டுப்பன்றிக்காக யாரோ இழுத்துவிட்டிருந்த கரண்டு கம்பியை இருட்டில் அவன் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைத் துணியில் சுற்றித் தந்தார்கள். சங்கத்துச் செயலாளர் கண்ணுச்சாமி, பேச்சிமுத்துவுக்குக் கூட்டாளி. அவர்தான் சுடுகாட்டில் வந்து சொன்னார், செவலையைக் கூட்டிவந்து ஒருதரம் முகர்ந்து பார்க்க விடுவோம் என்று. வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் வீட்டில் அது வழக்கம். எசமான் உடம்பை முகர்ந்த நாய் அதற்குப் பிறகு காத்திருக்காது. முத்துமீனா முடியவே முடியாது என்று அழுதாள். வலது கையும் கழுத்தும் கருகிக் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள். அந்தக் கையில் தின்ற நாய் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. எசமான் இருக்கச் சொன்ன லோடு ஆட்டோவிலேயே நாய் இருந்தது. அதற்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு செவலை சாப்பிடவில்லை. அது துக்கத்தால் மட்டும் இல்லை. கண்டவன் போடும் விஷக் கறியைத் தின்றுவிடக் கூடாது என்று வேட்டை நாய்களை ஒரே ஆளின் சொல்லுக்குப் பழக்குவார்கள். வட்டிலை வைத்ததும் செவலை உட்கார்ந்து நிமிர்ந்து பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்கும். அவன் “ம்” என்று சொன்னால்தான் வாய் வைக்கும். முத்துமீனா “ம்” சொல்லிப் பார்த்தாள். அவன் குரலைப் போலக் கட்டையாக்கியும் சொல்லிப் பார்த்தாள். நாய் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், வட்டிலின் முன்னால் உட்கார்ந்திருந்த செவலை திடீரென்று நிமிர்ந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு ஆள் உயரத்தில் பார்வையை நிறுத்தியது. உதட்டை நக்கிக்கொண்டது. பிறகு குனிந்து தின்ன ஆரம்பித்தது. முத்துமீனா வாயையே திறக்கவில்லை. கூடத்தில் வெங்காயச் சாக்கும் வேர்வையும் கலந்த வாடை அடித்தது.

அவள் பயந்தாள். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. வண்டியூரில் இருக்கும் அவளுடைய அம்மா மலையம்மாள் தினமும் போனில், அந்த வீட்டில் தனியாகக் கிடக்காதே, நாயை யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்துவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். முத்துமீனா அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் வட்டிலை வைத்துவிட்டு, நாய் எங்கே பார்க்கிறதோ அங்கே தானும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சில நாள், சாப்பிடச் சொல்லுங்க என்று அவளே மெல்லக் கேட்டாள். மூன்று மாதமாக அவள் குடித்தனம் நடந்தது இப்படித்தான்.

ஆனால் இப்போதெல்லாம் அது மாறிக்கொண்டு வந்தது. செவலை நிமிர்ந்து பார்க்கும். வெகுநேரம் பார்க்கும். வாலை ஆட்டும், மெல்ல முனகும். சொல் வராது. வட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிடும். அவருக்கு மறந்து போகிறது என்று முத்துமீனாவுக்குத் தோன்றியது. நாயை மறக்கிறார், வீட்டை மறக்கிறார், வந்தவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கூடத்தில் நிற்கிறார். வெங்காய வாடையும் போய்விட்டது. அதற்குப் பதிலாக, அடுப்பில் முடி விழுந்தால் வருமே, அந்த நாற்றம் லேசாக வந்தது. செவலையின் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, யாராவது சாப்பிட வைக்காவிட்டால் தாங்காது என்றார்.

அந்த வாரம்தான் கண்ணுச்சாமி போன் செய்து, சோதனைக்குப் பேச்சி கொடுத்த பேரை அடித்துவிடட்டுமா என்று கேட்டார். அவள் நாய் தின்னாததை மட்டும் சொன்னாள். அவர் சொன்னார்.

“ஓட்டத்துல ஒன் கைக்கு வந்துருச்சுன்னா சோத்துக்கும் வந்துரும் தங்கச்சி. ஓடுற வெறியில அது யாரு கையை எசமான் கைன்னு எடுத்துக்கிருதோ, அப்பறம் அதான். வேற வழி எனக்குத் தெரியலை.”

“பேரு இருக்கட்டும்ணே. நான் கூட்டிட்டு வாரேன்.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாய் அவள் கைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மூலையைப் பார்க்காது. அது பார்க்காவிட்டால் அவர் எங்கே நிற்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாய் பிழைக்க வேண்டும் என்றால் அவள் இரண்டாவது முறை தாலி அறுக்க வேண்டும். அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

சோதனை நாளில் கண்ணுச்சாமி தன் குட்டியானை லோடு வண்டியை அனுப்பியிருந்தார். பின்னால் அவ்வளவு இடம் இருந்தும் செவலை ஒரு ஓரத்தில் ஒடுங்கிப் படுத்து, மற்ற பாதியை விட்டுவைத்தது. திருமங்கலம் தாண்டியதிலிருந்து அது அந்தக் காலி இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. டிரைவர் எங்கேயோ ஒயர் கருகுகிறது என்று இரண்டு தடவை வண்டியை நிறுத்திப் பார்த்தான்.

கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையெல்லாம் சீமைக்கருவேலம். மைக்செட்டுக்காரர் ஒவ்வொரு நாயின் பேரையும் வளர்த்தவர் பேரையும் சொல்லச் சொல்ல, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டம் கத்தியது. முத்துமீனா கரைக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள். சோளத்தட்டை உரசும் சத்தம் மட்டும் காற்றில் வந்து வந்து போனது. வெயில் இறங்கி, மோட்டாரில் ஏதோ கோளாறாகி, செவலையின் முறை கடைசியாக வந்தபோது பாதிக் கூட்டம் கிளம்பிவிட்டது. வெளிச்சம் மஞ்சளாகி மண்ணோடு கலந்து, தூரத்தில் நிற்பவர்களின் முகம் தெரியாமல் போயிருந்தது.

மைக்கில் பேச்சிமுத்து என்றுதான் கூப்பிட்டார்கள். யாரோ திருத்தினார்கள். அதற்குள் செவலை எழுந்து நின்று வாலை ஆட்டிவிட்டது.

கண்ணுச்சாமி அவளைக் கோட்டில் நிறுத்தி, எப்போது தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு நாலடி தள்ளி நின்றார். மோட்டார் உறுமியது. ரப்பர் முயல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. எலும்பும் தோலுமாக இருந்த நாய்க்குள் எங்கேயிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, ஒரு செந்நிறக் கோடாகப் பறந்தது. கரையோரத்தில் முயலைக் கவ்விச் சுழற்றியது. கூட்டம் விசிலடித்தது.

அவள் தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

பட். பட்.

சத்தம் கேட்டது. அவள் கை இன்னும் தொடையில் படவில்லை.

சத்தம் கண்மாயின் நடுவிலிருந்து வந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. செவலை தலையைத் தூக்கியது. ஓடி வந்தது. பாதி தூரத்தில், வெறும் மண்ணின் முன்னால், நின்றது. முயலைக் கீழே வைத்தது. உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. பிறகு அதன் தலை தாழ்ந்தது, காது இரண்டும் அமுங்கின. ஒரு கை தடவினால் அமுங்குவது போலவே அமுங்கின.

முத்துமீனா தன் தொடையில் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள். நாய் அவளைப் பார்த்தது. அந்த இடத்தைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. எழுந்து, கால்கள் நடுங்க அங்கேயே நின்றது. ஓடிய களைப்பில் அதன் வயிறு துடித்தது இங்கிருந்தே தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

கண்ணுச்சாமி பக்கத்தில் வந்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. மெல்லிய குரலில் பேசினார்.

“நானும் கேட்டேன் தங்கச்சி. அது அவன் தட்டுற தட்டு.” கண்மாயின் நடுவைப் பார்த்தார். “நாய்க்குத்தான் சொல்லலைன்னு நெனச்சேன். அவனுக்கும் யாரும் சொல்லலை போல. நீ சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பான்.”

அவள் நடந்தாள். வெடித்த மண் காலடியில் நொறுங்கியது. வெங்காய வாடை வந்தது, மூன்று மாதத்துக்கு முந்தைய அதே வாடை. அவளுக்கு அழுகை பொங்கியது. வீட்டுக்கு வாங்க என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. செவலை அவளை நிமிர்ந்து பார்த்து முனகியது. அதன் வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

“ஏங்க,” என்றாள். “நீங்க செத்துப் போயிட்டீங்க.”

காற்று நின்றது.

“அந்தக் கம்பியில. அன்னைக்கே. ஒங்களுக்குக் கொள்ளி வச்சதை நான் என் கண்ணால பாத்தேன். நாயை விட்டுருங்க. அது சாகக் கூடாது.”

ஒன்றும் நடக்கவில்லை. சோளத்தட்டைச் சத்தமும் நின்றிருந்தது.

செவலையின் வால் ஆடுவது நின்றது. அது அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு விடைத்தது. மெல்ல, கழுத்திலிருந்து வால் வரை முதுகு மயிர் சிலிர்த்தது. பேச்சிமுத்துவைப் பார்த்து அது ஒருநாளும் சிலிர்த்ததில்லை. ஒரு அடி பின்வாங்கியது. இன்னொரு அடி. பல்லைக் காட்டியது. பிறகு திரும்பி, முயலை மண்ணிலேயே போட்டுவிட்டு, ஓடி வந்து அவள் கால்களுக்குள் புகுந்துகொண்டது.

முத்துமீனா கையை அதன் தலையில் வைத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அது விலகவில்லை. அவள் உள்ளங்கையில் தலையை அழுத்தியது. முயல் மண்ணில் கிடந்ததை அந்த மங்கலில் யாரும் கவனிக்கவில்லை; தூரத்தில் மைக் கரகரத்தது. கைக்கு வந்துருச்சு, கைக்கு வந்துருச்சு என்று அறிவித்தது. மிச்சமிருந்த கூட்டம் கைதட்டியது.

வெங்காய வாடை இல்லை. முடி கருகும் நாற்றம். நெருக்கத்தில்.

செவலை உறுமவில்லை. நடுங்கியது. கண்கள் மட்டும் அசைந்தன. தூரத்தில் நேராக இருந்த பார்வை, மெல்ல மேலே ஏறியது. ஒரு ஆள் கிட்டே வர வர அவன் முகத்தைப் பார்க்கத் தலையை எவ்வளவு தூக்க வேண்டுமோ, அவ்வளவு தூக்கியது.

இன்னும் கொஞ்சம்.

இன்னும்.

அவள் முகத்துக்கு எதிரே, ஒரு சாண் தள்ளி, பார்வை நின்றது.

“தங்கச்சி, வந்துரு,” என்று கண்ணுச்சாமி எங்கேயோ கத்தினார். அவளால் காலை எடுக்க முடியவில்லை. ஏங்க, என்று மறுபடியும் சொல்லப் பார்த்தாள்.

நாயின் பார்வை இறங்கியது. தோள் உயரம். முழங்கை உயரம். அவளுடைய வலது கையில் வந்து நின்றது. செவலை கண்ணை இறுக மூடிக்கொண்டது. அதன் தலையில் கிடந்த அவள் கை, அவள் தூக்காமலே, மெதுவாக மேலே எழுந்தது.